ஜெர்மானியர்கள் ஏன் ஜெர்மனியை விட்டுப் போகிறார்கள்? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு வருடமாக ஃப்ரைபுர்கில் இருக்கிறேன். ஜெர்மனியின் தென்மேற்கு மூலை. ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் சுவிஸ் நாட்டின் பாசல் நகரம். எங்கள் மாடியில் இருந்த குடும்பம் சென்ற கோடையில் வீட்டைக் காலி செய்துகொண்டு சுவிஸுக்குப் போனது. மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ், கணவர் தச்சர், இரண்டு குழந்தைகள். இதைப் போனில் சொன்னபோது அம்மா கேட்டார்: "அங்க வர்றதுக்கு நம்ம பிள்ளைங்க கடன வாங்கிட்டு நிக்குது. அங்கேயே பொறந்தவங்க எதுக்கும்மா கிளம்புறாங்க?"

அதே கேள்வியை அப்புறம் சித்தி பையன் கேட்டான். ஜெர்மன் மொழி படித்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் விதவிதமாகக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

உண்மையிலேயே போகிறார்களா? எத்தனை பேர்?

போகிறார்கள். மத்தியப் புள்ளிவிவர அலுவலகத்தின் கணக்குப்படி 2023ல் ஜெர்மன் குடியுரிமை உள்ளவர்களில் சுமார் 2,65,000 பேர் நாட்டை விட்டுப் போனார்கள். அதே வருடம் சுமார் 1,91,000 பேர் திரும்பி வந்தார்கள். ஆக, நிகர இழப்பு 74,000. 2024ல் போனவர்கள் சுமார் 2,70,000. 2005லிருந்து ஒரு வருடம்கூடத் தவறாமல், வந்த ஜெர்மானியர்களைவிடப் போனவர்களே அதிகம்.

மக்கள்தொகை எட்டு கோடிக்கு மேல் உள்ள நாடு இது. அதனால் "ஜெர்மனி காலியாகிறது" என்று யாராவது யூடியூபில் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அந்த இரண்டாவது எண்ணையும் கவனியுங்கள். போகிறவர்களுக்குச் சமமாக இல்லாவிட்டாலும், திரும்பி வருகிறவர்களும் பெரிய கூட்டம். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வரும் பாதி விஷயம் அதில் இருக்கிறது.

எந்த நாட்டுக்கு அதிகம் போகிறார்கள்?

சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, அமெரிக்கா. சில வருடமாக இதே வரிசைதான். 2023ல் சுவிஸுக்கு மட்டும் சுமார் 21,000 பேர், ஆஸ்திரியாவுக்கு 12,000 பேர் போல, அமெரிக்காவுக்கு 9,000 பேர் போல. முதல் இரண்டு நாடுகளிலும் ஜெர்மன் மொழி பேசுகிறார்கள், விசா தேவையில்லை. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராத நாடு. ஆனாலும் 2002ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் ஜெர்மானியர் வேலை ஒப்பந்தத்தோடு போய்க் குடியேறலாம். இப்போது அங்கே 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. எங்கே போகிறோம் என்று சொல்லாமலே போகிறவர்கள் ஏராளம். 2016லிருந்து அவர்களையும் போனவர்கள் பட்டியலில் சேர்க்கிறார்கள். அதற்கு முந்தைய வருட எண்களோடு இன்றைய எண்களை ஒப்பிட்டு "இரண்டு மடங்காகிவிட்டது" என்று எழுதும் செய்திகள் இதைக் கவனிப்பதில்லை.

போகிறவர்கள் யார்? வேலை கிடைக்காதவர்களா?

இல்லை, பெரும்பாலும் நேர் எதிர். மத்திய மக்கள்தொகை ஆய்வு நிறுவனமும் டூயிஸ்புர்க்-எஸ்ஸன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2018ல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. வெளிநாடு போன ஆயிரக்கணக்கான ஜெர்மானியர்களைத் தேடிப்பிடித்து, திரும்பத் திரும்ப அதே ஆட்களிடம் கேள்வி கேட்கிறார்கள். போனவர்களில் நான்கில் மூன்று பேர் பட்டதாரிகள், சராசரி வயது முப்பதுகளின் நடுவில் என்று அதில் தெரிந்தது.

இருபது வருடத்துக்கு முன் நிலைமை கொஞ்சம் வேறு. 2005 தொடக்கத்தில் ஜெர்மனியில் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். கிழக்கு மாநிலங்களிலிருந்து எலக்ட்ரீஷியன், சமையல்காரர், ஹோட்டல் பணியாளர் என்று நிறையப் பேர் ஆஸ்திரியா, சுவிஸ், நார்வே பக்கம் போனார்கள். இன்று ஜெர்மனியிலேயே ஆள் கிடைக்காமல் தவிக்கும் தொழில்கள்தான் இவை.

அப்படியென்றால் சம்பளத்துக்காகத்தானே?

சம்பளமும் உண்டு. போன முதல் வருடத்திலேயே நிகர மாத வருமானம் சராசரியாக ஆயிரம் யூரோவுக்கு மேல் கூடியதாக அந்த ஆய்வு சொல்கிறது. அதிகம் பேர் சொன்ன காரணமும் வேலைதான். ஆனால் "வேலை" என்ற சொல்லுக்குள் பல விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. மாடி வீட்டுப் பெண் புறப்படுவதற்கு முன் ஒரு சாயங்காலம் அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். மேசை மேல் சுவிஸ் சுங்கத்துக்கான படிவம். வீட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் பட்டியல் எழுதித் தர வேண்டும். ஆறு மாதமாவது பயன்படுத்திய பொருளாக இருந்தால் வரி கிடையாது. சைக்கிள் 4, கட்டில் 3, தச்சுப் பட்டறை மேசை 1, புத்தகப் பெட்டி 17 என்று எழுதிக்கொண்டே பேசினார். போன மாதம் வாங்கிய காபி மெஷினை என்ன செய்வது என்றுதான் கவலை.

"பணம் கூடத்தான் கிடைக்கும். ஆனால் நான் போவது அதற்காக இல்லை" என்றார். இரவுப் பணியில் தன் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் இருப்பார்கள் என்பதுதான் அவர் கணக்கு. பக்கத்துப் படுக்கையில் மானிட்டர் கத்தும்போது, இந்தப் படுக்கையில் இறந்துகொண்டிருப்பவரின் கையை விட்டுவிட்டு ஓட வேண்டியிருந்த இரவுகளைப் பற்றிச் சொன்னார். பதினைந்து வருடம் விரும்பிச் செய்த வேலை. அதை விரும்பிச் செய்ய முடியாமல் போனதுதான் அவரைக் கிளப்பியது. சொல்லிவிட்டு மறுபடி குனிந்து கரண்டிகளை எண்ணினார்.

டாக்டர்களிடம் பேசினாலும் இதுதான் கதை. சுவிஸில் வேலை பார்க்கும் மருத்துவர்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் வெளிநாட்டில் படித்தவர்கள். அவர்களில் பாதிப் பேர் ஜெர்மனியில் படித்தவர்கள்.

ஆராய்ச்சியாளர்களுக்கு இன்னொரு காரணம். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பதவி கிடைக்கும்வரை தற்காலிக ஒப்பந்தம்தான். சட்டப்படி முனைவர் பட்டத்துக்கு முன் 6 வருடம், பின் 6 வருடம், மருத்துவத்தில் பின் 9. அதற்குள் பதவி கிடைக்காவிட்டால் நாற்பது வயதில் தெருவில். 2021ல் இளம் ஆய்வாளர்கள் இதை எதிர்த்துப் பெரிய இயக்கமே நடத்தினார்கள். 2013ல் மருத்துவ நோபல் வாங்கிய தோமாஸ் சூடோஃப் கோட்டிங்கனில் பிறந்து படித்தவர், பரிசு வாங்கும்போது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தார்.

வேலைக்கு அடுத்து வாழ்க்கை முறை, காதல். வெளிநாட்டுத் துணையைக் கல்யாணம் செய்து அவர் நாட்டுக்குப் போவது நிறைய நடக்கிறது. ஜெர்மனி மேல் அதிருப்தி என்று சொல்கிறவர்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

வரி தாங்க முடியாமல் போகிறார்கள் என்கிறார்களே?

வரி அதிகம்தான். சராசரிச் சம்பளம் வாங்கும் தனி ஆளுக்கு முதலாளி செலவழிக்கும் மொத்தத் தொகையில் ஏறக்குறைய 48 சதவீதம் வருமான வரி, காப்பீடு என்று போய்விடும். வளர்ந்த நாடுகளில் பெல்ஜியத்துக்கு அடுத்த இடம். ஆனால் அந்தப் பிடித்தத்துக்குள் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையிழப்புக் காப்பீடு எல்லாம் இருக்கின்றன. சம்பாதிக்காத மனைவியும் குழந்தைகளும் அதே காப்பீட்டில் இலவசமாக வந்துவிடுவார்கள்.

வரிக்காகவே போகிறவர்கள் என்றால் கம்பெனி வைத்திருப்பவர்கள்தான். அவர்களை அரசு சும்மா விடுவதில்லை. ஒரு நிறுவனத்தில் 1 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்தால், விற்காத பங்குக்கும் விற்றதாகக் கணக்குப் போட்டு, வெளியேறும்போது வரி கட்டச் சொல்வார்கள்.

சுவிஸிலும் ஜெர்மன்தானே பேசுகிறார்கள்? மொழிப் பிரச்சினை இருக்காதே?

இருக்கிறது! போகிற ஜெர்மானியர்களே எதிர்பார்க்காத இடத்தில் அடி விழுவது இங்கேதான். எழுதுவது ஜெர்மன், பேசுவது சுவிஸ் ஜெர்மன். ஹாம்பர்க்கிலிருந்து போகிறவருக்கு முதல் மாதம் பஸ்ஸில் பக்கத்தில் பேசுவது பாதி புரியாது. சைக்கிளுக்கு 'ஃபார்ராட்' என்று இங்கே, 'வேலோ' என்று அங்கே. காலை ஒன்பது மணிச் சிற்றுண்டிக்கு 'ஸ்னூனி' என்று ஒரு சொல்.

வார்த்தையைவிடத் தொனிதான் பெரிய சிக்கல். ஜெர்மானியர் பேக்கரியில் "எனக்கு ஒரு காபி" என்று நேராகச் சொல்வார். அவர்கள் ஊரில் அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. சுவிஸ்காரர் "தயவுசெய்து ஒரு காபி கிடைக்குமா" என்று சுற்றி வளைத்துத்தான் கேட்பார். அவர் காதில் ஜெர்மானியரின் வாக்கியம் அதட்டலாக விழுகிறது. ஆபீஸ் கூட்டத்திலும் அப்படியே. ஜெர்மானியர் "இது சரியில்லை" என்பார், எதிரே இருப்பவர் முகம் சுருங்கும். மொழி ஒன்றாக இருப்பதால் இந்த வித்தியாசத்தை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்வதில்லை, திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டுக்காரன் என்று நமக்குக் கிடைக்கிற சலுகைகூட அவர்களுக்குக் கிடையாது.

எங்கள் பகுதிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வசதி. ஃப்ரைபுர்கைச் சுற்றியுள்ள கிராமங்களில் பேசும் அலமானிய வட்டார வழக்கு சுவிஸ் ஜெர்மனுக்குச் சொந்தக்காரி. மாடி வீட்டுப் பெண்ணின் அம்மா எங்கள் கட்டடத்தின் கீழ் வீட்டில் இருக்கிறார். எழுபத்தொன்பது வயது, கைசர்ஸ்டூல் மலைப்பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். மகள் சின்ன வயதில் அம்மாவின் கொச்சை மொழியைப் பேசக் கூச்சப்பட்டாராம். இப்போது பெர்ன் பக்கத்து மருத்துவமனையில் அந்தக் கொச்சைதான் கைகொடுக்கிறது. நோயாளிகள் சிரித்துப் பேசுகிறார்கள் என்று அம்மாவிடம் போனில் சொன்னார். பாட்டி அதைக் கட்டடம் முழுக்கச் சொன்னார்.

அங்கே போய்விட்டால் எல்லாம் சுகம்தானா?

இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மா சொல்லவில்லை. சுவிஸில் மருத்துவக் காப்பீடு தலைக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி, குழந்தைக்கும் சேர்த்து. அதற்கு மேல் வருடத்துக்குக் குறைந்தது முதல் 300 பிராங்க் மருத்துவச் செலவைப் பெரியவர்கள் தாங்களே ஏற்க வேண்டும். பிரசவ விடுப்பு 14 வாரம். ஜெர்மனியில் பெற்றோர் மூன்று வருடம்வரை வேலையை இழக்காமல் வீட்டில் இருக்கலாம். குழந்தைக் காப்பகம் அங்கே ஒரு நாளைக்கு 100 பிராங்கைத் தாண்டுவது சாதாரணம். வேலையிலிருந்து நீக்குவதும் அங்கே சுலபம்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு இங்கே காப்பகம் முடிந்ததும் குழந்தைகளைக் கூட்டிவரப் பாட்டி இருந்தார். அங்கே அதற்கும் பணம். கூடக் கிடைத்த சம்பளத்தில் பெரும்பகுதி அதிலேயே போகிறது என்று கணவர் சொன்னார். ஆனாலும் அவர்கள் வருத்தப்படவில்லை. வேலையிலிருந்து வரும்போது மனைவியின் முகம் வேறு மாதிரி இருக்கிறதாம்.

பென்ஷன் வாங்குகிறவர்கள் வெயிலைத் தேடிப் போகிறார்களாமே?

ஆமாம். நவம்பர் மாதத்தில் இங்கே ஒரு வாரம் இருந்து பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள். மல்லோர்கா தீவு, ஸ்பெயினின் கிழக்குக் கரை, கேனரித் தீவுகள், ஹங்கேரியின் பாலாட்டன் ஏரி. பாலாட்டனுக்கு ஒரு கதை உண்டு: நாடு இரண்டாகக் கிடந்த காலத்தில் கிழக்கு ஜெர்மன் அண்ணனும் மேற்கு ஜெர்மன் தம்பியும் கோடை விடுமுறையில் சந்தித்துக்கொண்ட ஏரி அது.

ஓய்வூதியம் உலகத்தில் எங்கே இருந்தாலும் வங்கிக்கு வந்துவிடும். சுமார் இரண்டரை லட்சம் ஜெர்மானியர்கள் இப்படி வெளிநாட்டில் வாங்குகிறார்கள். உடம்பு நன்றாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. படுத்துவிட்டால் பராமரிப்புக் காப்பீட்டின் பணம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கிடைக்கும், வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவை கிடைக்காது. தாய்லாந்து மாதிரி நாடு என்றால் பணமும் சில வாரத்தோடு நின்றுவிடும். கணவன் மனைவியில் ஒருவர் இறந்ததும் மற்றவர் ஜெர்மனிக்கே திரும்பி வருவது சகஜம்.

அரசியல் பிடிக்காமல் போகிறவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள், இரண்டு திசையிலும். கொரோனா காலத்தில் தடுப்பூசியும் கட்டுப்பாடும் பிடிக்காத ஒரு கூட்டம் பராகுவேக்குப் போனது. பராகுவே அரசும் 2022 தொடக்கத்தில் தடுப்பூசி போடாதவர்களுக்குக் கதவைச் சாத்தியது. அந்த நாட்டில் ஜெர்மன் குடியேற்றம் புதிதல்ல. தத்துவவாதி நீட்சேயின் தங்கை எலிசபெத்தும் அவர் கணவரும் 1880களில் அங்கே 'தூய' ஜெர்மன் குடியேற்றம் ஒன்றை உருவாக்கப் போனார்கள். கடனில் மூழ்கிய கணவர் 1889ல் தற்கொலை செய்துகொண்டார்.

மறுபக்கம், குடியேறியவர்களின் பிள்ளைகளாக இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். 2025 பிப்ரவரித் தேர்தலில் வெளிநாட்டவரை எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சி 20.8 சதவீத வாக்கு வாங்கியது. மறுநாள் என் மகளின் வகுப்புத் தோழியின் அம்மா, துருக்கி வம்சாவளி, மூன்றாம் தலைமுறை, பள்ளி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு "எங்கே போவது என்று நேற்று ராத்திரி பேசினோம்" என்றார். அவர் போகவில்லை. ஆனால் அந்தப் பேச்சு பல வீடுகளில் நடக்கிறது, எங்கள் வீடு உட்பட. இது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

குழந்தைகளை வீட்டிலேயே படிக்கவைக்க வெளியேறுகிறார்கள் என்பது நிஜமா?

நிஜம், ஆனால் மிகச் சிறிய எண்ணிக்கை. ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும், வீட்டுக் கல்விக்கு இடமில்லை. மத நம்பிக்கை காரணமாக அதை ஏற்காத சில குடும்பங்கள் வெளியேறியிருக்கின்றன.

முன் காலத்திலும் இப்படிப் போனார்களா?

பெரிய அளவிலேயே போனார்கள். 1683ல் கிரேஃபெல்ட் ஊரிலிருந்து பதின்மூன்று குடும்பங்கள் பென்சில்வேனியாவில் போய் இறங்கின. 19ஆம் நூற்றாண்டில் லட்சக்கணக்கில் போனார்கள். 1882ல் ஒரே வருடத்தில் சுமார் 2,50,000 ஜெர்மானியர்கள் அமெரிக்காவில் இறங்கினார்கள். பிரெமர்ஹாஃபன் துறைமுகம் வழியாக மட்டும் 1830க்கும் 1974க்கும் இடையில் 70 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கப்பல் ஏறினார்கள். அதில் கிழக்கு ஐரோப்பியரும் உண்டு.

காரணம் நம் ஊர்க்காரருக்குச் சொல்லாமலே புரியும்: பாகப் பிரிவினை. தென்மேற்கு ஜெர்மனியில் அப்பாவின் நிலத்தைப் பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது வழக்கம். நான்கு தலைமுறையில் திராட்சைத் தோட்டம் கைக்குட்டை அளவு ஆகிவிடும். அந்த நிலையில் ஒரு விளைச்சல் பொய்த்தால் பட்டினி. இந்தோனேசியாவில் 1815ல் தம்போரா எரிமலை வெடித்து, 1816ல் இங்கே கோடையே இல்லாமல் போனபோது கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 1840, 50களில் பாடன் பகுதியின் சில கிராமங்கள் தங்கள் ஏழைகளுக்குக் கப்பல் கட்டணத்தைத் தாங்களே கட்டி அனுப்பிவைத்தன. வழியனுப்பினார்களா, கழித்துக் கட்டினார்களா என்று யோசித்தால் மனசு கஷ்டப்படுகிறது.

கீழ் வீட்டுப் பாட்டியின் கைசர்ஸ்டூல் பக்கத்திலிருந்து, எண்டிங்கனையும் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்தவர்கள் 1843ல் வெனிசுவேலா மலைக்குப் போய் 'கொலோனியா தோவார்' என்ற ஊரை அமைத்தார்கள். வெகுகாலம் ஒழுங்கான சாலை கிடையாது, தங்களுக்குள்ளேயே கல்யாணம். அதனால் பழைய அலமானிய மொழி அங்கே தப்பிப் பிழைத்தது, இன்றும் முதியவர்கள் பேசுகிறார்கள். அந்த ஊர்க்காரர் பேசும் வீடியோ ஒன்றைப் பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் பாட்டி இப்படித்தான் பேசுவாள்" என்றார்.

பாலட்டினேட் பகுதியில் கால்ஸ்டாட் என்று சின்னஞ்சிறு ஊர். கெச்சப் கம்பெனி ஹைன்ஸை நிறுவியவரின் தந்தை அங்கிருந்து போனவர். 1885ல் அங்கிருந்து பதினாறு வயதில் போன இன்னொரு பையன் ஃப்ரீட்ரிஷ் ட்ரம்ப், இன்றைய அமெரிக்க அதிபரின் தாத்தா. அவர் பணம் சேர்த்துக்கொண்டு மனைவியோடு ஊர் திரும்பி, இங்கேயே இருந்துவிட ஆசைப்பட்டார். ராணுவச் சேவையைத் தவிர்த்துப் போனவர் என்று பவேரிய அரசு 1905ல் வெளியேறச் சொன்னது. கெஞ்சி மனு எழுதியும் பலிக்கவில்லை. அன்று போனவருக்குத் திரும்பி வர வழி இல்லை. இன்று போகிறவருக்கு இருக்கிறது. இரண்டு காலத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக நான் நினைப்பது இதைத்தான்.

1933க்குப் பிறகு யூதர்கள் ஓடியதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது உயிர் பிழைக்க ஓடியது.

நாட்டை விட்டுப் போக என்ன செய்ய வேண்டும்? அனுமதி வாங்க வேண்டுமா?

அனுமதி தேவையில்லை. வெளியேறும் உரிமை அரசியல் சட்டத்தின் பொதுச் சுதந்திரத்தில் அடங்கும் என்று 1957லேயே அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. செய்ய வேண்டியது 'அப்மெல்டுங்', அதாவது முகவரிப் பதிவை நீக்குவது. வீட்டைக் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்னதாகவோ, செய்த இரண்டு வாரத்துக்குள்ளோ போய்ச் சொல்ல வேண்டும். ஒரு தாள் தருவார்கள். அதைத் தொலைக்கக் கூடாது. போன், இன்டர்நெட், உடற்பயிற்சிக் கூடம் என்று எந்த ஒப்பந்தத்தை முறிக்கவும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

2024 ஜூன் 27 முதல், ஜெர்மானியர் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினாலும் ஜெர்மன் குடியுரிமை போகாது. முன்பு ஐரோப்பிய ஒன்றியம், சுவிஸ் தவிர வேறு நாடு என்றால் தனி அனுமதி வாங்காவிட்டால் போய்விடும். ஓட்டுரிமையும் உண்டு, ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் தாங்களே விண்ணப்பிக்க வேண்டும். 2025 தேர்தலுக்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். வாக்குச்சீட்டு தபாலில் தாமதமாக வந்து பலரால் ஓட்டுப் போட முடியவில்லை.

வயதான பெற்றோரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

நம் ஊரில் எல்லோரும் கேட்பது இது. ஜெர்மனியில் இதை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை.

நம் வீட்டில் ஒரு பிள்ளை வெளிநாடு போவது குடும்பத்தின் திட்டம். நகையை அடகு வைத்து அனுப்புவோம், பணம் வரும், தங்கை கல்யாணம் நடக்கும். இங்கே மகள் போவது மகளின் முடிவு. யாரும் பணம் எதிர்பார்ப்பதில்லை. பாட்டி மகளைத் தடுக்கவில்லை, தடுக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. அதனால் அவருக்கு வலிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். லாரி போன அன்று சாயங்காலம் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் அது அவர் முறை இல்லை.

இப்போது அவர் மணிக்கட்டில் அவசர அழைப்புப் பட்டன் கட்டியிருக்கிறார், அழுத்தினால் உதவி மையத்தில் எடுப்பார்கள். சாவி ஒன்று எங்களிடம் இருக்கிறது. மகள் மாதம் இருமுறை இரண்டு மணி நேரம் ரயிலில் வருகிறார். நாளை முடியாமல் போனால் போலந்திலிருந்து ஒரு பெண் வந்து வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்வார். பக்கத்துத் தெருவில் அப்படித்தான். அந்தப் பெண்ணின் அம்மாவை அங்கே யார் பார்ப்பார்கள்? மகள் விட்டுப் போன மருத்துவமனைப் பிரிவில் இப்போது கேரளத்திலிருந்து வந்த இரண்டு நர்ஸ்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் அம்மாக்களும் எங்கோ தனியாக இருக்கிறார்கள். ஒருவர் போன இடத்துக்கு இன்னொருவர் வருகிறார். ஜெர்மானியர் ஏன் போகிறார்கள், நாம் ஏன் வருகிறோம் என்பவை ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள்.

போனவர்கள் திரும்பி வருகிறார்களா?

நிறையப் பேர். சில வருட வேலை ஒப்பந்தம், குழந்தை பள்ளிக்குப் போகும் வயது, பெற்றோருக்கு முடியாமல் போவது, இவைதான் வழக்கமான திருப்பங்கள். ஜெர்மன் மொழியில் ஊர் ஏக்கத்துக்கு 'ஹைம்வே' என்று பெயர். 1688ல் பாசலில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் இதை ஒரு நோயாகவே ஆராய்ந்து ஆய்வேடு எழுதினார். எதிர்ச்சொல்லும் இருக்கிறது: 'ஃபெர்ன்வே', தொலைதூரத்துக்கான ஏக்கம். தமிழில் முதலாவதற்குச் சொல்ல எத்தனையோ வழி இருக்கிறது. இரண்டாவதற்கு ஒரே சொல்லாக எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

நம் பக்கம் வந்து தங்கிய ஜெர்மானியர்கள் உண்டா?

உண்டு. சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்த சீகன்பால்கு 1706ல் தரங்கம்பாடிக்கு வந்தார், தமிழ் கற்றார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார், 1719ல் அங்கேயே இறந்தார். இலங்கையில் தொடந்துவைக்கு அருகே ஏரித் தீவில் 1911ல் மடம் அமைத்த ஞானதிலோகர் வீஸ்பாடனில் பிறந்த ஜெர்மானியர். இன்று ஆரோவில்லில் இந்தியர், பிரெஞ்சுக்காரருக்கு அடுத்த பெரிய கூட்டம் ஜெர்மானியர்தான்.

இதற்கு எதிர்த்திசையில் ஒன்று. 80களில் அகதியாக வந்து ஜெர்மன் குடியுரிமை வாங்கிய ஈழத் தமிழர்களில் கணிசமானவர்கள் பிறகு லண்டன் பக்கம் போய்விட்டார்கள். பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்பு, சொந்தக்காரர்கள், கோவில், கடை வைக்கும் வசதி என்று காரணம் சொல்வார்கள். கையில் ஜெர்மன் பாஸ்போர்ட் இருப்பதால் புள்ளிவிவர அலுவலகத்துக்கு அவர்களும் "வெளியேறிய ஜெர்மானியர்கள்".

ஜெர்மானியர்களே போகும்போது நாங்கள் அங்கே வரலாமா?

வரலாம். அவர்கள் போவதால்தான் இடமும் இருக்கிறது. ஆனால் அவர்களை விரட்டிய வேலைச்சுமைதான் உங்களுக்கும் காத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாருங்கள். நர்ஸ் வேலைக்கு வருகிறவர்கள், எந்தப் பிரிவு, இரவில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். கேட்பது இங்கே தவறில்லை.

நீங்களும் போவீர்களா?

என் கணவருக்குச் சென்ற வருடம் பாசலில் ஒரு வேலை வந்தது. எங்களுக்கும் இப்போது ஜெர்மன் பாஸ்போர்ட் என்பதால் போவதில் சட்டச் சிக்கல் இல்லை. பல வாரம் பேசி, வீட்டை மாற்றாமல் வேலையை மட்டும் ஏற்பது என்று முடிவு செய்தோம். இப்படி எல்லை தாண்டி வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு 'கிரென்ஸ்கேங்கர்' என்று பெயர். ஜெர்மனியிலிருந்து அறுபதாயிரம் பேருக்கு மேல் தினமும் அப்படிப் போகிறார்கள். சுவிஸில் 4.5 சதவீதம் வரி பிடிப்பார்கள், மீதியை இங்கே கட்டுகிறோம். மகள் பள்ளியை மாற்ற வேண்டியதில்லை. புதன்கிழமைகளில் பாட்டிக்குக் காய்கறி வாங்கிக் கொடுப்பதும் நிற்கவில்லை.

மகள் பள்ளி முடித்த பிறகு என்ன என்று கேட்டால், அவள் இப்போதே ஆஸ்திரேலியா என்கிறாள்.